அப்பளம் ஏன் கோணுகிறது?

நமது மளிகைக் கடைகளில் கடைக்காரரின் பெயரைக் காப்பாற்றும் சரக்கு எது, கெடுக்கும் சரக்கு எது என்று கேட்டால் பலரும் அரிசி என்பார்கள், சிலர் எண்ணெய் என்பார்கள். என்னைக் கேட்டால் அப்பளம் என்பேன். அரிசி கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் சமையல்காரர் தண்ணீரைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்து விடுவார். துவரம்பருப்பு வேகத் தாமதமானால் இன்னும் இரண்டு விறகு தள்ளுவார். அப்பளம் அப்படி அல்ல. எண்ணெயில் விழுந்த சில நொடிகளில் தீர்ப்பு வந்துவிடும். அது இலையில் போய் உட்கார்ந்து முந்நூறு பேர் பார்வையில் நிற்கும். பரந்து, பொன்னிறமாக, தட்டையாக வந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். படகு போல வளைந்து, எண்ணெயைக் குடித்துக்கொண்டு வந்தால், "எந்தக் கடையில வாங்கினீங்க?" என்றுதான் முதல் கேள்வி!

இந்தக் கேள்வி ஒருமுறை என்னைத் தேடி வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1996-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். எனக்கு வயது 35. வில்லியனூரில் தகப்பனார் வைத்துக்கொடுத்த மொத்த வியாபாரத்தை நான் தனியாகப் பார்க்கத் தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. பாகூர் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கடைக்காரர் என்னிடம் மாதம் இருமுறை சரக்கு எடுப்பார். என் தகப்பனார் காலத்து வாடிக்கை. என்னைவிட இருபது வயது மூத்தவர். பாக்கி வைத்தாலும் சொன்ன தேதியில் கொண்டுவந்து எண்ணி வைத்துவிடும் மனிதர். அவர் தெருவில் ஒரு கல்யாணம். மளிகை முழுவதும் அவர் பொறுப்பு. அரிசி முதல் கற்பூரம் வரை என்னிடம்தான் எடுத்தார். அறுநூறு இலை என்று கணக்கு. கல்யாண அப்பளம் எட்டுக் கட்டு, கட்டுக்கு நூறு.

அந்த ஐப்பசியில் விடாத மழை. அப்பளக் கட்டுகள் எங்கள் கிடங்கில் பின்சுவர் ஓரமாக, உப்பு மூட்டைகளுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தன. எடுத்துப் பார்த்தபோது வெற்றிலை மாதிரித் துவண்டன. கிடங்குப் பையன், "வெயில் அடிக்குது முதலாளி, கொஞ்சம் காயவச்சுக் கட்டிடறேன்" என்றான். எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. மழைக்கு நடுவே அடித்த சுள்ளென்ற வெயிலில், மொட்டை மாடிச் சிமெண்ட் தரையில் பரப்பி, இரண்டு மணி நேரத்தில் அள்ளிக் கட்டினோம். தொட்டால் கலகலவென்று சத்தம். நன்றாகக் காய்ந்துவிட்டது என்று நம்பி வண்டியில் ஏற்றிவிட்டேன்.

கல்யாணத்தன்று பகல் பந்தி தொடங்கியது. சமையல் மாஸ்டர் முதல் அப்பளத்தைப் போட்டார். கிண்ணம் போலக் குழிந்தது. இரண்டாவது, மூன்றாவது, எல்லாமே அப்படித்தான். கண் கரண்டியால் அழுத்தினால் விளிம்பு நொறுங்கி எண்ணெயில் தூளாக மிதந்தது. நடுவில் வேகாமல் தடிப்பு, ஓரத்தில் கருகல். ஒரு கூடைக்கு அடுக்க வேண்டியது மூன்று கூடை பிடித்தது. பரிமாறுகிறவர்கள் இலைக்குப் பாதி, முக்கால் என்று துண்டுகளாக வைத்துக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை வீட்டாரில் ஒருவர், "உடைச்சே வச்சிட்டாங்க, நமக்கு வேலை மிச்சம்" என்று சிரித்தாராம். பெண்ணைப் பெற்றவர் முகம் சுருங்கிப்போனது.

மறுநாள் காலை அந்தக் கடைக்காரர் மீதி இரண்டு கட்டையும் மிதிவண்டியில் கட்டிக்கொண்டு வந்தார். கல்லாவுக்கு முன் வைத்தார். நான் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன்.

"காசு கிடக்கட்டும் தம்பி. அந்தத் தெருவுல நாளைக்கு எவன் என் கடைக்கு வருவான்? உங்கப்பா இருந்திருந்தா ஒண்ணு பொரிச்சுப் பார்த்துட்டு அனுப்பியிருப்பாரு" என்றார்.

பழைய பாக்கியை அன்றே தீர்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் என் கடைப் படி ஏறவில்லை. அப்பளத்தில் எனக்குப் போனது சொற்பம். அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய் என்று ஒரு நல்ல வாடிக்கை முழுதாகப் போனது. இன்றைக்குக் கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

திருப்பி வந்த கட்டில் பத்து அப்பளத்தை எடுத்துக்கொண்டு, வில்லியனூரிலேயே வீட்டில் அப்பளம் இட்டு விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் போனேன். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஒரு அப்பளத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரத்தைக் கிள்ளினார், நடுவை விரலால் அழுத்தினார். "ஓரம் செத்துப்போச்சு, நடு உயிரோட இருக்கு. எப்படிப்பா நேரா வரும்?" என்றார். பின்னால் பல வருடம் இதைப்பற்றிப் படித்தும் கேட்டும் நான் தெரிந்துகொண்டதெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு விளக்கம்தான்.

அப்பளத்துக்கு உயிர் என்பது அதில் இருக்கும் ஈரம். உளுந்து மாவில் இயற்கையாகவே ஒரு பிசுபிசுப்பு உண்டு. உப்பும் அப்பளக் காரமும் சேர்த்து இடித்துப் பிசையும்போது அது இழுத்தால் நீளும் பதத்துக்கு வருகிறது. தேய்த்து உலர்த்திய பிறகும் நல்ல அப்பளத்தில் நூற்றுக்கு 14, 15 பங்கு ஈரம் நிற்கிறது. கையில் தெரியாது. காய்ந்த எண்ணெயில் போட்டவுடன் அந்த ஈரம் ஆவியாகிறது. தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். இழுபடும் மாவுக்குள் அந்த ஆவி சிக்கிக்கொண்டு ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் குமிழிகளாகப் பொங்குகிறது. மாவு அப்படியே வெந்து இறுகிவிடுகிறது. அதுதான் பொரிதல், அப்பளம் பரந்து பெரிதாவதும் அதனால்தான்.

இப்போது கோணலுக்கு வருவோம். அப்பளம் முழுவதும் ஒரே அளவு ஈரம், ஒரே கனம், ஒரே சூடு இருந்தால் எல்லா இடமும் ஒன்றாகப் பரக்கும், தட்டையாகவே இருக்கும். ஒரு இடம் பரந்து இன்னொரு இடம் பரக்காமல் நின்றால் வளையாமல் அதற்கு வேறு வழி இல்லை. என் அப்பளத்தில் நடந்தது இதுதான். கடும் வெயிலில் விளிம்பு சுண்டிவிட்டது, நடுவில் மழை ஈரம் அப்படியே இருந்தது. எண்ணெயில் நடு பொங்கியது, விளிம்பு வளையம் போட்டதுபோல் அசையாமல் நின்றது. ஆகவே நடு ஒரு பக்கமாகக் குழிந்து கிண்ணமானது. இதற்கு நேர்மாறும் உண்டு. கட்டின் வெளி ஓரம் மட்டும் மழைக்காற்றில் ஈரம் குடித்திருந்தால் விளிம்பு அதிகமாகப் பரந்து, பாவாடைக் கொசுவம் போல நெளிநெளியாக வரும். தேய்த்ததில் ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் மெல்லிசு என்றிருந்தால் ஒருபக்கமாக மடங்கும். பொரித்த அப்பளத்தின் கோணலைப் பார்த்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடலாம்.

சரக்கு நன்றாக இருந்தாலும் பொரிப்பதில் கோணலாகும். எண்ணெயில் மிதக்கவிட்டால் அடிப்பக்கம் முதலில் சூடாகிப் பரக்கும், மேல்பக்கம் பின்தங்கும். அதனால் ஓரங்கள் மேல்நோக்கி எழும். அந்தக் கணத்திலேயே கரண்டியால் முழுக்கி மேல்பக்கத்துக்கும் எண்ணெய் காட்டினால் அது நிமிர்ந்துகொள்ளும். ஒரு நொடி தாமதித்தால் வளைந்தபடியே இறுகிவிடும். பிறகு அழுத்தினால் உடையும், நிமிராது.

இது நம்ம ஊர் அப்பளத்துக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல. புதுச்சேரி நகரத்தில் பிரெஞ்சு உணவு போடும் ஒரு ஓட்டலுக்கு நான் கொஞ்ச காலம் எண்ணெய், உப்பு கொடுத்துவந்தேன். அங்கே உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சியை மெல்லிய நாடா போல அரிந்து வறுப்பார்கள். வெள்ளைக்காரர்கள் பேக்கன் என்பார்கள், பிரெஞ்சுக்காரர்கள் லார் என்பார்கள். நான் சைவம், தள்ளி நின்றுதான் பார்த்தேன். அதுவும் வாணலியில் விழுந்ததும் ஓலைப்பாம்பு போல நெளிந்தது. கேட்டதற்குச் சமையல்காரர் விளக்கினார். அந்த நாடாவில் ஒரு வரி கொழுப்பு, ஒரு வரி சதை என்று மாறி மாறி இருக்கிறது. சூட்டில் சதை தண்ணீரை விட்டுச் சுருங்குகிறது. கொழுப்போ உருகி ஓடுகிறது. பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் இரண்டும் ஒரே அளவு சுருங்காததால் நாடா அலை அலையாகிறது. இதைத் தட்டையாக வைக்க அவர்கள் சூடில்லாத வாணலியில் அடுக்கி, மெதுவாகத் தீயை ஏற்றி, மேலே கனமான இரும்புத் தட்டு ஒன்றை வைத்துவிடுகிறார்கள். நிறைய செய்யும்போது தட்டில் பரப்பி அவனில் வைக்கிறார்கள். மேலும் கீழும் ஒரே சூடு கிடைப்பதால் நெளிவு குறைகிறது. பன்றி இறைச்சி சுருங்குவதால் கோணுகிறது, அப்பளம் பரப்பதால் கோணுகிறது. அங்கே மெதுவான சூடு மருந்து. இங்கே மெதுவான சூடு விஷம்! அப்பளத்தை ஆறிய எண்ணெயில் போட்டால் ஈரம் பொங்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துபோய், அந்த இடத்தில் எண்ணெய் ஏறிக்கொள்ளும்.

தட்டையாக இருந்தால்தான் நல்ல அப்பளம் என்று எல்லா ஊரிலும் சொல்ல மாட்டார்கள். நமது புதுச்சேரி மாநிலத்தின் மாஹேயிலும் கேரளம் முழுவதிலும் பப்படம் பந்து போல உப்பிவர வேண்டும். சின்னதாக இட்டு, அரிசி மாவு தூவி அடுக்கியிருப்பார்கள். அதைப் பாயசத்தில் நொறுக்கிப் போட்டுச் சாப்பிடுவதும் அங்கே வழக்கம். வடக்கே மிளகு, சீரகம் சேர்த்த பாப்பட்டைப் பெரும்பாலும் தணலில் சுட்டே தின்கிறார்கள். நம்முடைய கல்யாண இலைக்குத்தான் அகலமும் தட்டையும் இரண்டும் வேண்டும்.

சரி, செய்கிறவர்கள் இதற்கு என்ன செய்கிறார்கள்? தாமிரவருணிக் கரையில் இருக்கும் கல்லிடைக்குறிச்சிக்கு அப்பளத்தால் வந்த பெயர் பெரியது. மதுரையில் இது ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. கையால் இடும் இடங்களில் பிரண்டைச் சாற்றைச் சேர்த்துப் பிசையும் பழக்கமும் உண்டு. வில்லியனூர் அம்மாள் சொல்லிக்கொடுத்த முறை இது: தேய்த்த அப்பளத்தை முதலில் இளம் வெயிலில் அரைக் காய்ச்சலாக எடுத்துவிடுவது. அப்போதே ஓரம் தூக்க ஆரம்பித்திருக்கும். அதை முழுக்கக் காய விடாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே பலகை போட்டு, பலகைமேல் அம்மிக் குழவி வைத்து ஓர் இரவு விடுவது. அடுக்கில் இருக்கும்போது காய்ந்த ஓரம் ஈரமான நடுவிலிருந்து தண்ணீரை வாங்கிக்கொள்ளும், எல்லா இடமும் சமமாகும். பாரத்தில் தட்டையும் ஆகும். மறுநாள் நிழலில் பரப்பி எடுத்துக் கட்டுவது. வெயிலில் இருந்து நேராகக் கட்டுக்குப் போகும் அப்பளத்தையும், இரவு பாரத்தில் கிடந்த அப்பளத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கண்ணிலேயே தெரியும். என் கிடங்குப் பையனும் அன்றைக்கு அவசரமாகக் கட்டாமல், நிழலில் பரப்பி, ஓர் இரவு பாரம் வைத்திருந்தால் அந்தக் கல்யாணம் தப்பித்திருக்கும்.

இனி நாம் கொள்முதல் செய்யும்போது பார்க்க வேண்டியது. கட்டின் மேல் அப்பளத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நடுவிலிருந்து ஒன்று உருவுங்கள். கல்லாப் பலகையில் வைத்தால் பலகையோடு படிய வேண்டும். இரண்டு கைவிரலாலும் பிடித்து மெதுவாக வளைத்தால் லேசாக வளைந்து கொடுத்து, பிறகு முறிய வேண்டும். முறியாமல் மடிந்தால் ஈரம் அதிகம். வளையாமல் கண்ணாடிபோல் நொறுங்கினால் காய்ச்சல் அதிகம். அது பொரியாது, சிவக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கனம் தெரிந்துவிடும். நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்தால் சோப்புச் சுவை அடிக்கக் கூடாது. அடித்தால் காரத்தைக் கூடப் போட்டிருக்கிறார்கள். காரம் கூடினால் அப்பளம் சீக்கிரம் சிவந்து போகும், தொண்டையும் கரகரக்கும். வெண்காரம் சேர்ப்பதாகத் தெரிந்தால் அந்தச் சரக்கைத் தொடவே தொடாதீர்கள். உணவில் அதற்கு அனுமதி இல்லை. எல்லாம் பார்த்த பிறகும் நாலு அப்பளத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிப் பொரித்துப் பாருங்கள். இந்தக் கடைசிச் சோதனைக்கு மேல் ஒரு சோதனை கிடையாது. நம்மில் பலர் இதைச் செய்வதில்லை, நானும் அன்று செய்யவில்லை.

விலை மலிவு என்று வருகிற சரக்கில் பெரும்பாலும் உளுந்து குறைந்து மைதாவோ அரிசி மாவோ கூடியிருக்கும். உளுந்தின் இழுவை இல்லாததால் ஆவியைப் பிடித்து வைக்க முடியாது. சுருங்கி, கட்டையாக வரும். உளுந்து விலை ஏறும் மாதங்களில் இந்தக் கலப்பு கூடுவதை நான் கண்டிருக்கிறேன். நமது பாகூர் வட்டாரத்தில் சம்பா அறுப்பை ஒட்டி வயலில் தெளிக்கும் உளுந்து வரும்போது விலை கொஞ்சம் இளகும். மற்ற நாளில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் பர்மா உளுந்தை நம்பித்தான் சந்தை ஓடுகிறது. உளுந்து விலை இரண்டு மடங்கு ஏறியும் அப்பள விலை ஏறவில்லை என்று ஒருவர் வந்து நின்றால் சந்தோஷப்படாதீர்கள். பொட்டலத்தின் பின்பக்கத்தில் என்ன மாவு என்று எழுதியிருக்கிறதோ அதை வாசியுங்கள். வரிசையில் முதலில் எழுதியிருப்பதுதான் அதிகம் சேர்ந்திருப்பது.

கிடங்கு விஷயம். அப்பளத்திலேயே உப்பும் காரமும் இருப்பதால் அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். உப்பு மூட்டை, வெல்லம் பக்கத்தில் வைப்பது தற்கொலை. தரையில் வைக்காமல் மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். ஊதுபத்தி, கற்பூரம், துணிசோப்பு இவற்றின் வாசனையை அப்பளம் இழுத்துக்கொள்ளும். மல்லிகைப்பூ வாசனை ஊதுபத்தி மணத்தோடு அப்பளம் விற்ற ஒரு கடையை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன்! ஐப்பசி, கார்த்திகையில் அதிகம் வாங்கி அடுக்காமல் பத்து நாள் விற்பனைக்கு மட்டும் எடுப்பது நல்லது. பிரித்த கட்டை மூடியுள்ள டின்னில் போடுங்கள். அக்கினி நட்சத்திர நாட்களில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் நேர்மாறாகச் சுண்டிப்போகும். அப்போதும் தரைப்பக்கமாக, குளிர்ந்த மூலையில் வைக்க வேண்டும்.

ஈரம் ஏறிய அப்பளத்தைக் காயவைத்து விற்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மழைக்காற்றில் லேசாகத் துவண்டது மட்டும் என்றால் நிழலில் பரப்பி, பாரம் வைத்து, பொரித்துப் பார்த்துத் தேறினால் விற்கலாம். தண்ணீர் பட்டதை, பூசணம் பிடித்ததைக் கூடாது. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களையும் மூழ்கடித்தது. என் கிடங்கில் முழங்கால் தண்ணீர். கீழ் வரிசையில் இருந்த நாற்பது கட்டும் நனைந்தன. என் மகன் மேலாகப் பார்த்து, "பாதி தேறும்பா, காயவச்சுப் பார்க்கலாம்" என்றான். அவனிடம் 1996 கதையைச் சொன்னேன். நாற்பதையும் குழி வெட்டிப் போட்டோம். மனசு வலிக்காமல் இல்லை.

வாடிக்கையாளரிடம் நாம் இரண்டு வார்த்தை சொல்லி விற்பதும் அவசியம். அகலமான வாணலி, அப்பளம் முழுதும் முழுகும் அளவு எண்ணெய். எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், புகையக் கூடாது. கணக்குச் சொன்னால் 180 டிகிரிக்கும் 200-க்கும் இடையில். அப்பளத்திலிருந்து ஒரு சிறு துண்டைக் கிள்ளிப் போட்டால் உடனே பொரிந்து மேலே வர வேண்டும், அதுதான் அடையாளம். அப்பளத்தின் மேல் ஒட்டியிருக்கும் மாவைத் துணியால் தட்டிவிட்டு, ஓரமாகச் சரித்து விட்டு, விட்ட கணமே கரண்டியால் முழுக்கி, ஒருமுறை திருப்பி எடுத்துவிட வேண்டும். எடுத்ததைச் செங்குத்தாக நிறுத்தி எண்ணெய் வடிய விட்டால் படுக்கவைத்ததைவிட நன்றாக வடியும். எண்ணெய் வேண்டாம் என்பவர்கள் தணலில் சுடும்போது ஒரே பக்கம் காட்டிக்கொண்டிருந்தால் சுருண்டுவிடும். இடுக்கியில் பிடித்துச் சட்டுச் சட்டென்று புரட்ட வேண்டும். அல்லது காய்ந்த தோசைக்கல்லில் போட்டு, மடித்த துணியால் அழுத்தி அழுத்தித் திருப்பினால் தட்டையாக வரும். கல்யாணத்துக்கு எடுப்பவர்களிடம் முன்கூட்டியே பொரித்து வைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். நம் கடற்காற்றில் அரை மணியில் நமுத்துவிடும். பழி நம் மேல் வரும்.

வரி சம்பந்தமாக ஒரு வார்த்தை. அப்பளத்துக்கு என்ன பெயர் சொன்னாலும் 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோதே வரிவிலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஓட்டலில் சாப்பாட்டோடு பரிமாறுவதற்கு மட்டும் அந்த விலக்குப் பொருந்தாது. 2021 ஆகஸ்டில் வட்ட அப்பளத்துக்கு வரி இல்லை, சதுர அப்பளத்துக்கு வரி உண்டு என்று ஒரு தொழிலதிபர் கேலியாக எழுத, அது நாடு முழுவதும் பரவியது. மத்திய மறைமுக வரிகள் வாரியமே வந்து, எந்த வடிவமானாலும் அப்பளத்துக்கு வரி இல்லை என்று விளக்கம் கொடுத்தது. ஆகவே கோணல் அப்பளத்துக்கும் வரி கிடையாது! ஆனால் பிள்ளைகள் விரலில் மாட்டிக்கொண்டு தின்னும் குழல், சக்கரம் போன்ற இயந்திரத்தில் பிழிந்த பொரிக்காத வடகங்கள் வேறு கணக்கு. அவற்றுக்கு 18 விழுக்காடு என்று இருந்ததை 2023 ஜூலை 11-இல் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் 5 ஆகக் குறைத்தது. இரண்டையும் ஒரே வரியில் அப்பளம் என்று பில் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம்.

கையால் அப்பளம் இடும் வீடுகள் நம் பக்கத்தில் குறைந்துவிட்டன. இயந்திரத்தில் ஒரே கனமாக வெட்டி வருகிறது, விலையும் கட்டுப்படியாகிறது. நானே அதிகம் விற்பது அதுதான். ஆனாலும் பெண்கள் வீட்டிலிருந்து செய்யும் தொழிலாக இது என்ன ஆக முடியும் என்பதற்கு பம்பாய் லிஜ்ஜத் சாட்சி. 1959 மார்ச் 15 அன்று கிர்காமில் ஏழு பெண்கள் எண்பது ரூபாய் கடன் வாங்கித் தொடங்கியது. அந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம் வில்லியனூர் அம்மாளுக்கு அப்படி ஒன்றும் வாய்க்கவில்லை. கண் மங்கிப்போன பிறகும் விரலால் கனம் பார்த்து இட்டுக்கொண்டிருந்தார். கடைசிவரை அவர் கட்டில் ஒன்றுகூட எனக்குத் திரும்பி வந்ததில்லை. ரொக்கம் கொடுத்துத்தான் வாங்கினேன், அவரிடம் மட்டும் நான் கடன் சொன்னதில்லை.

பாகூர்ப் பக்கத்துக் கடைக்காரரைச் சமாதானப்படுத்த ஒருமுறை அந்த அம்மாளின் அப்பளம் இரண்டு கட்டு எடுத்துக்கொண்டு போனேன். மரியாதையாக உட்காரவைத்து மோர் கொடுத்தார். அப்பளத்தையும் வாங்கிக்கொண்டு காசை எண்ணிக் கையில் வைத்தார். கணக்கைத் திறக்கவில்லை. 2003-இல் கடையை அவர் மகன் எடுத்து நடத்தத் தொடங்கியபோது, ஒரு காலையில் அவராகவே சீட்டோடு வந்து நின்றார். அப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் வந்தாயா என்றேன். "கேட்டேன் அண்ணே. போ, ஆனா அப்பளம் மட்டும் பொரிச்சுப் பார்த்து வாங்குன்னாரு" என்றார்.

அன்றைக்கு என் வீட்டு அடுப்பிலேயே நாலு அப்பளம் பொரித்துக் காட்டினேன். இன்றைக்கும் அவர் சரக்கெடுக்க வரும்போதெல்லாம் கட்டின் நடுவிலிருந்து ஒன்றை உருவி, பலகையில் வைத்துப் பார்த்து, வளைத்து, ஒடித்துவிட்டுத்தான் சீட்டில் எழுதுகிறார். ஒடிந்த அப்பளத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.